பெப்ரைட்டுக் கரைசல் சரிவரவில்லையா? தூளைத் திட்டுமுன் தண்ணீரைப் பாருங்கள்

பெப்ரைட்டு என்பது அமினோவமிலங்கள் கோத்த சங்கிலி. உலர்ந்த தூளாகக் குப்பியில் வரும், நீர் விட்டுக் கரைத்துத்தான் எடுக்க வேண்டும். அது வேலை செய்யவில்லை என்றால் எல்லாரும் முதலில் திட்டுவது தூளை விற்றவரைத்தான். கொழும்பிலிருந்து வரும் வழியில் வெயிலில் கிடந்திருக்கும், பழைய சரக்காக இருக்கும் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். குப்பிக்குள் விட்ட தண்ணீரில் ஒருவருக்கும் சந்தேகம் வராது.

ஆய்வுகூடத்தில் பாக் வோட்டர் என்று நாங்கள் சொல்கிற பற்றீரியத் தடுப்பு நீர் வெறும் தண்ணீர் அல்ல. கிருமியழித்த நீரில் 0.9% பென்சைல் அற்ககோல் கலந்தது. மில்லிலீற்றருக்கு 9 மில்லிகிராம், அதாவது ஏறக்குறைய 83 மில்லிமூலர். நீங்கள் கரைக்கும் பெப்ரைட்டு பெரும்பாலும் ஒன்று, இரண்டு மில்லிமூலரில் நிற்கும். ஆகவே குப்பிக்குள் பெப்ரைட்டைப் போல் நாற்பது மடங்குக்கு மேல் பென்சைல் அற்ககோல் இருக்கிறது. கீழே வரும் அறிகுறிகளில் பாதி இந்த ஒரு கணக்கிலிருந்து கிளைப்பவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஆய்வுகூட மேசைக்கு எழுதியது. "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று ஒட்டிய குப்பியை வாங்கி வைத்துக்கொண்டு எவ்வளவு ஏற்றலாம் என்று கேட்கும் ஜிம் தம்பிமாருக்கு இதில் ஒன்றும் இல்லை. அந்தச் சுட்டுத்துண்டு சொல்வதை அப்படியே நம்புங்கள்.

தண்ணீர் விட்டும் தூள் கட்டியாகவே கிடக்கிறது

முதலில் கையைக் கட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். சுடுதண்ணீரில் ஒடியல் மாவை ஒரேயடியாகக் கொட்டினால் வெளியே நனைந்து உள்ளே காய்ந்த கட்டி வருமே, அதே சங்கதிதான் இங்கேயும் நடக்கிறது. நீரைத் தூளின் மேல் பீய்ச்சாமல் கண்ணாடிச் சுவரோடு மெல்ல வழிய விட்டிருந்தால் இது பெரும்பாலும் வராது. குப்பியை விரல்களுக்கிடையில் உருட்டலாம், சரிக்கலாம். குலுக்கக் கூடாது.

அதற்குப் பிறகும் கரையவில்லையென்றால் தாளை எடுத்து அமினோவமில வரிசையை எழுதி ஏற்றத்தை எண்ணுங்கள். லைசின், ஆர்ஜினின் ஒவ்வொன்றுக்கும் +1. இசுத்திடினை அமில ஊடகத்தில் +1 ஆக எடுக்கலாம். அமினோ முனைக்கும் +1. அசுபாற்றிக், குளூற்றாமிக் அமிலங்களுக்கும் காபொட்சில் முனைக்கும் −1. முனைகள் அசற்றைலாக்கப்பட்டோ அமைட்டாக்கப்பட்டோ இருந்தால் அந்த முனையின் ஏற்றம் இல்லை. தரச்சான்றுத் தாளில் அது எழுதியிருக்கும், பலர் பார்ப்பதில்லை.

கூட்டினால் நேர் ஏற்றம் வருகிறதா? நீரிலேயே கரைய வேண்டியது. மக்கர் பண்ணினால் 10% அசற்றிக் அமிலம் சிறிதளவு போதும். எதிர் ஏற்றமா? 0.1 மூலர் அமோனியம் இருகாபனேற்று, அல்லது ஐதான அமோனியாவில் ஒரு சொட்டு. ஆனால் வரிசையில் சிசுற்றீன் இருந்தால் காரப் பக்கம் போகவேண்டாம். இருசல்பைட்டுப் பிணைப்புகள் உண்டாகி மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்துவிடும். மொத்த ஏற்றம் பூச்சியத்துக்குக் கிட்ட நின்று, பாதிக்கு மேல் நீர்வெறுக்கும் அமினோவமிலங்களாக இருந்தால் தண்ணீரோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. டிஎம்எஸ்ஓ என்ற சேதனக் கரைப்பானில் மிகச் சிறிய அளவில் முழுதாகக் கரைத்து, அந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக நீருக்குள் விட வேண்டும். இந்த ஒழுங்கு முக்கியம். நீரில் கட்டிபட்ட தூளின் மேல் பிறகு டிஎம்எஸ்ஓ விடுவது பெரிதாக உதவாது. மெதியோனின், சிசுற்றீன் உள்ளவற்றை டிஎம்எஸ்ஓ ஒட்சியேற்றக்கூடும் என்பதால் அவற்றுக்கு டிஎம்எஃப் என்ற இன்னொரு கரைப்பான்.

பாடப் புத்தகத்தில் உள்ள ஒன்றையே உதாரணமாக எடுப்போம். இன்சுலினின் சமமின்புள்ளி, அதாவது மொத்த ஏற்றம் பூச்சியமாகும் இடம், பீஎச் 5.3 அளவில். பாக் வோட்டரின் பீஎச் 4.5க்கும் 7க்கும் இடையில், வழக்கமாக 5.7ஐ ஒட்டி. அதாவது இன்சுலின் ஆகக் குறைவாகக் கரையும் இடத்தைத் தேடிப் பிடித்து அதில் போடுகிறோம். மூன்று நாள் உருட்டினாலும் வெள்ளையாகத்தான் நிற்கும். பீஎச் 2, 3 அளவில் ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் கண் முன்னே தெளியும். இதில் தூளுக்கும் குற்றமில்லை, நீருக்கும் குற்றமில்லை. சேர்த்த சோடிதான் பொருந்தவில்லை.

கேளா ஒலிக் குளியல் இருந்தால் பனிக்கட்டி நீரில் வைத்துச் சில விநாடிகளாக விட்டுவிட்டு இயக்குங்கள். நீண்ட நேரம் ஓடவிட்டால் சூடேறும். புது வரிசை ஒன்று கையில் வந்தால் முழுக் குப்பியிலும் பரிசோதிக்காமல் ஒரு சிட்டிகையை வேறு ரியூப்பில் எடுத்து, பாக் வோட்டரில் அல்ல, வெறும் கிருமியழித்த நீரில் முதலில் பாருங்கள். அது பிழைத்தால் உறைத்து உலர்த்தித் தூளாக மீட்கலாம். அசற்றிக் அமிலமும் அமோனியம் இருகாபனேற்றும்கூட அப்படியே ஆவியாகப் போகும். பென்சைல் அற்ககோல் 205 பாகையில் கொதிப்பது. அது நீரோடு சேர்ந்து ஒழுங்காகக் கிளம்பிவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

தெளிவாக இருந்தது, பிறகு கலங்கிவிட்டது

எப்போது கலங்கியது என்பதுதான் துப்பு.

பீஎச்சை மாறாமல் பிடித்து வைக்கும் தாங்கற் கரைசலில் கலந்த அந்தக் கணத்திலேயே கலங்கினால் பீஎச் மாற்றமோ உப்போ காரணம். ஆனால் யாழ்ப்பாணத்தில் இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கிணற்று நீர் வன்னீர். காய்ச்சி வடிக்கும் கருவியின் சூடாக்கியில் ஏறும் வெள்ளைப் படையைச் சுரண்டிய எவருக்கும் இது தெரியும். கருவி பொங்கி ஒழுகினாலோ, வடித்த நீரைப் பிடிக்கும் கலன் கழுவாமல் கிடந்தாலோ, தாங்கற் கரைசல் செய்த நீரில் கல்சியம் வந்துவிடும். பொசுபேற்றோடு சேர்ந்தால் மெல்லிய வெள்ளைக் கலங்கல். பார்த்தால் பெப்ரைட்டு வீழ்படிந்ததுபோலவே இருக்கும். பெப்ரைட்டு இல்லாமல் அதே தாங்கற் கரைசலையும் அதே பாக் வோட்டரையும் அதே விகிதத்தில் கலந்து அரை மணித்தியாலம் வையுங்கள். அதுவும் கலங்கினால் தேட வேண்டிய இடம் வடிகருவி. கடத்துதிறன் மானி இருந்தால் ஒரு நிமிட வேலை.

இரவு பிறிட்ஜில் வைத்துக் காலையில் பார்க்கக் கலங்கியிருந்தால் அறை வெப்பநிலைக்கு வர விடுங்கள். தெளிந்தால் குளிரில் கரைதிறன் குறைந்தது என்று அர்த்தம். செறிவைக் குறைத்து வைக்கலாம். தெளியாமல் நூல்நூலாகவோ கூழாகவோ நின்றால் மூலக்கூறுகள் திரண்டுவிட்டன. இங்கே பென்சைல் அற்ககோலுக்குப் பங்கு இருக்கலாம். இன்ரபெரோன் காமா, இன்ரலூக்கின்-1 ஏற்பி எதிரி போன்ற புரதங்களில் இது திரளலை விரைவாக்குவது நன்றாக ஆராயப்பட்ட விடயம். பத்துப் பன்னிரண்டு அமினோவமிலம் உள்ள நேர்ச் சங்கிலிக்கு அவ்வளவு பயமில்லை. மடிப்பு உள்ள நீண்டதுகளுக்குத்தான் கவனம் வேண்டும். ஒரே தூளை ஒரு ரியூப்பில் பாக் வோட்டரிலும் மற்றதில் வெறும் கிருமியழித்த நீரிலும் கரைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு இரவில் விடை கிடைக்கும்.

நாட்கள் கழித்து, ஒருமுறைக்கு மேல் ஊசி குத்தி எடுத்த பிறகு கலங்கினால் நுண்ணங்கியைச் சந்தேகியுங்கள். "தடுப்பு நீரில் எப்படி வளரும்" என்று கேட்பார்கள். பெயரிலேயே இருக்கிறது, அது தடுக்கும், கொல்லும் என்று யாரும் சொல்லவில்லை. வித்திகளை ஒன்றும் செய்யாது. அதைவிடப் பெரிய ஓட்டை ஐதாக்கல். 1 மில்லிலீற்றர் பாக் வோட்டரோடு 9 மில்லிலீற்றர் தாங்கற் கரைசல் சேர்த்தால் பென்சைல் அற்ககோல் 0.09% ஆகிவிடும். பாதுகாப்பு அங்கேயே முடிந்தது, ஆனால் குப்பியின் சுட்டுத்துண்டில் பாக் வோட்டர் என்றுதான் இருக்கும். அதை நம்பி வாரக்கணக்கில் வைப்பார்கள்.

ஒரு சொட்டைக் கிராம் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பாருங்கள், இன்னொரு சொட்டைப் போசணை ஏகாரில் பூசி வையுங்கள். வளர்ந்தால் கரைசலைக் கொட்டுங்கள். 0.22 மைக்ரோமீற்றர் வடியில் வடித்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். பற்றீரியாக் கலங்கள் வடியில் நிற்கும், அவற்றிலிருந்து வரும் அகநச்சு என்ற நஞ்சு கடந்து போகும். பிறகு கலப் பரிசோதனையில் வரும் அழற்சிக் குறிகளைப் பெப்ரைட்டின் விளைவு என்று அறிக்கை எழுத வேண்டி வரும்.

நுரை

யாரோ குலுக்கியிருக்கிறார்கள். நிமிர்த்தி வையுங்கள், அடங்கும். காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் பெப்ரைட்டு விரிந்து திரளும் என்பதால் நுரையை ஒரு அழகுக் குறைபாடாக மட்டும் எடுக்கக் கூடாது. கலக்கியில் வைப்பதும் குலுக்குவதும் ஒன்றுதான்.

குப்பிக்குள் தூளே தெரியவில்லை, அல்லது சுருங்கி ஒட்டிக் கிடக்கிறது

ஒரு மில்லிகிராம் என்பது கண்ணுக்கு ஒன்றுமில்லை. சுவரிலோ மூடியின் அடியிலோ மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். திறக்குமுன் மையநீக்கியில் ஒரு சுற்று விடுங்கள்.

சுருங்கிய தூள் வேறு. அது ஈரம் குடித்தது, அல்லது வழியில் சூடுபட்டது. சித்திரை வெயிலில் இரவுப் பஸ்ஸில் வந்து காலையில் கந்தோரில் கிடந்த பொதிக்கு இது நடக்கும். சுருங்கியதெல்லாம் பழுதென்று இல்லை. மூலக்கூற்றின் திணிவைக் காட்டும் நிறைநிறமாலை ஒன்று எடுத்தால் தெரிந்துவிடும். ஆனால் ஈரத்தில் பெரும்பகுதியை ஊட்டுவது நாங்களேதான். −20 பாகையிலிருந்து எடுத்த குப்பியைக் கார்த்திகை மழைக் காலத்தில் உடனே திறந்தால் காற்றிலுள்ள நீர் முழுக்கத் தூளில் வந்து படியும். மூடியபடியே, உலர்த்தியில் வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு திறவுங்கள். ஊசி குத்தியதும் நீர் தானாக உள்ளே இழுபடவில்லை, ஆகவே போலிச் சரக்கு என்பார்கள் சிலர். எல்லாக் குப்பிகளும் வெற்றிடத்தில் மூடப்படுவதில்லை. அதை வைத்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது.

செறிவு கணக்கோடு ஒத்து வரவில்லை

சுட்டுத்துண்டில் 5 மில்லிகிராம், விட்ட நீர் 2 மில்லிலீற்றர், ஆகவே மில்லிலீற்றருக்கு 2.5 மில்லிகிராம் என்று எழுதுகிறார்கள். அந்த 5 மில்லிகிராம் பெப்ரைட்டின் நிறை அல்ல, தூளின் நிறை. அதற்குள் ஈரமும், பெப்ரைட்டின் ஏற்றத்தோடு உப்பாக ஒட்டி நிற்கும் எதிரயனும் உண்டு. தரச்சான்றில் 98% என்று தடித்த எழுத்தில் இருப்பது, கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சிக் கருவியில் கண்ட தூய்மை. பெப்ரைட்டு அல்லாத உப்பையும் நீரையும் அது எண்ணுவதே இல்லை.

பிராடிகைனினை எடுங்கள். ஒன்பது அமினோவமிலம், மூலக்கூற்றுத் திணிவு 1060. இரண்டு ஆர்ஜினினும் ஒரு அமினோ முனையும் ஆக மூன்று கார இடங்கள். ரைபுளோரோ அசற்றேற்று உப்பாக வந்திருந்தால் ஒவ்வொன்றிலும் 114 ஒட்டியிருக்கும்: 342. மொத்தம் 1402. ஈரமே இல்லாவிட்டாலும் தூளில் பெப்ரைட்டு 75.6% தான். 5 மில்லிகிராமில் 3.78. 2 மில்லிலீற்றரில் 1.78 மில்லிமூலர், நீங்கள் எழுதிய கணக்கில் வரும் 2.36 அல்ல. நாலில் ஒரு பங்கு வீரியம் குறைந்துவிட்டது என்று தூளைக் குறைசொல்லுமுன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். தேறிய பெப்ரைட்டு அளவு சான்றில் இல்லையென்றால் விற்றவரிடம் கேளுங்கள். கேட்டால் தருவார்கள்.

அந்த உப்பு கரைசலை அமிலமாக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பாக் வோட்டரில் தாங்கல் எதுவும் இல்லை. கரைத்த பிறகு பீஎச் தாளில் ஒரு மைக்ரோலீற்றர் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

புறவூதா வாசிப்பு கூரையில் முட்டுகிறது, எச்பிஎல்சியில் அழையாத சிகரம்

பென்சைல் அற்ககோலில் பென்சீன் வளையம் இருக்கிறது. அது 257 நனோமீற்றரை ஒட்டி உறிஞ்சும், 220க்குக் கீழே இன்னும் பலமாக உறிஞ்சும். பெப்ரைட்டுப் பிணைப்பை அளக்கும் 214 அந்த இடத்திலேயே இருக்கிறது. அதே நீரைப் பூச்சியமாக வைத்தால் போதும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. 280இல், திரிப்தோபன் அல்லது தைரோசின் உள்ள பெப்ரைட்டுக்கு அது ஓரளவு சரி. கீழே போனால் ஒளி கரைசலைக் கடந்து வருவதே இல்லை, பிறகு எதை எதிலிருந்து கழிப்பது? பிராடிகைனினில் திரிப்தோபனும் இல்லை, தைரோசினும் இல்லை. ஆகவே 280உம் கைகொடுக்காது. அளவறிவதற்கு ஒரு சிறு பங்கை வெறும் நீரில் கரைத்து வையுங்கள்.

எச்பிஎல்சியில் அந்தச் சிகரம் யாருடையது என்று அறிய, பெப்ரைட்டு இல்லாத பாக் வோட்டரை ஒருமுறை ஓட்டினால் போதும். இதைச் செய்யாமல் தூளில் மாசு இருக்கிறது என்று முறைப்பாட்டுக் கடிதம் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெப்ரைட்டு விட்ட இடத்தில் பற்றீரியா வளரவில்லை, கலங்கள் செத்துவிட்டன

எல்லாவற்றிலும் ஆபத்தான அறிகுறி இதுதான், ஏனென்றால் பல வேளைகளில் இது வெற்றிபோல வந்து நிற்கும். நுண்ணங்கி எதிர்ப்புப் பெப்ரைட்டு ஒன்றைச் சோதிக்கிறீர்கள். பாக் வோட்டரில் கரைத்து ஏகார்த் தட்டின் குழியில் விடுகிறீர்கள். அழகான தெளிந்த வளையம் வருகிறது. கட்டுப்பாட்டுக் குழியில் வெறும் காய்ச்சி வடித்த நீர், அதைச் சுற்றி வளையமில்லை. மாணவருக்குச் சந்தோஷம், மேற்பார்வையாளருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த வளையத்தில் எவ்வளவு பெப்ரைட்டினுடையது, எவ்வளவு பற்றீரியாவைத் தடுக்கவென்றே சேர்த்த பென்சைல் அற்ககோலினுடையது என்று எப்படிச் சொல்வது? கட்டுப்பாட்டுக் குழியில் அதே போத்தலிலிருந்து எடுத்த அதே அளவு பாக் வோட்டர் இருக்க வேண்டும். அதைவிட நல்லது, இந்த வகைச் சோதனைக்குப் பாக் வோட்டரைத் தொடாமலே விடுவது. ஆகக் குறைந்த தடுப்புச் செறிவு காண்பதற்கு அதைப் பயன்படுத்திய ஆய்வறிக்கை என் கைக்கு வந்தால் திருப்பித்தான் அனுப்புவேன்.

கல வளர்ப்பிலும் இதே கணக்குத்தான். நூறு மடங்கு ஐதாக்கினாலும் பென்சைல் அற்ககோல் 0.83 மில்லிமூலர் நிற்கும், ஆயிரம் மடங்கில் 83 மைக்ரோமூலர். உங்கள் பெப்ரைட்டோ நனோமூலரில். ரைபுளோரோ அசற்றேற்றும் சில கலங்களைப் பாதிக்கும். தேவையென்றால் அசற்றேற்று அல்லது குளோரைட்டு உப்பாகக் கேட்டு வாங்கலாம். விலங்குப் பரிசோதனை செய்பவர்கள் பிறந்த குட்டிகளுக்கு இந்த நீரை நினைத்தும் பார்க்கக் கூடாது. குறைமாதக் குழந்தைகளில் பென்சைல் அற்ககோல் சேர்ந்து மூச்சுத்திணறி இறந்த சம்பவங்கள் 1982இல் வெளியானதிலிருந்து, பச்சிளங் குழந்தைகளுக்கு இது ஆகாது என்ற எச்சரிக்கை போத்தலிலேயே வருகிறது.

முதல் கிழமை நல்ல பெறுபேறு, பிறகு தேய்கிறது

ஐதான கரைசலா? அப்படியானால் பெப்ரைட்டு ரியூப்பின் சுவரில் இருக்கும். நேர் ஏற்றம் உள்ளவை கண்ணாடியில் ஒட்டும், நீர்வெறுப்பவை பிளாஸ்ரிக்கில் ஒட்டும். மைக்ரோமூலருக்குக் கீழே இது கணிசமான இழப்பு. மூலக் கரைசலைச் செறிவாக வைத்து, ஐதாக்குவதைப் பரிசோதனை நாளில் செய்யுங்கள். ஒட்டாத வகைப் பொலிப்புரொப்பிலீன் ரியூப் கிடைத்தால் அதில்.

செறிவான கரைசலும் தேய்கிறதென்றால் நிறைநிறமாலை பாருங்கள். திணிவில் +16 என்றால் ஒட்சியேற்றம், பெரும்பாலும் மெதியோனின். +1 என்றால் அசுபரசின் அமைட்டை இழந்திருக்கிறது, அதற்கு அடுத்து கிளைசின் இருந்தால் விரைவாக நடக்கும். −17 என்றால் அமினோ முனையிலிருந்த குளூற்றமின் வளையமாகிவிட்டது. இதற்கு மருந்து கிடையாது. அடுத்த குப்பியை ஒருமுறைப் பங்குகளாகப் பிரித்து உறைய வைப்பதுதான் வழி. உறைய வைப்பதென்றால் பாக் வோட்டருக்கு அங்கே வேலையே இல்லை. −20 பாகையில் எதுவும் வளராது, ஒருமுறை எடுத்த பங்கு திரும்பிப் போகாது. வெறும் கிருமியழித்த நீர் போதும். பாக் வோட்டரின் இடம் ஒன்றே ஒன்று: ஒரே குப்பியில் பல நாள் ஊசி குத்தி எடுக்க வேண்டிய, 2 முதல் 8 பாகையில் நிற்கும் கரைசல்.

பிறீசரும் சாட்சி சொல்ல வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றபோது எத்தனை பெப்ரைட்டு உருகி உறைந்ததென்று யாருக்கும் கணக்கில்லை. இப்போதும் ஒரு வெள்ளிக்கிழமை இரவு நின்று சனிக்கிழமை வந்தால் திங்கட்கிழமை பார்ப்பவருக்கு எல்லாம் உறைந்தபடிதான் தெரியும். சிறு முகவையில் நீரை உறைய வைத்து மேலே ஒரு நாணயத்தை வையுங்கள். நாணயம் அடியில் கிடந்தால் உள்ளே இருந்ததெல்லாம் ஒருமுறை உருகியிருக்கிறது. தானாகப் பனி உருக்கும் வீட்டு வகைப் பிறீசர்கள் கரண்ட் நிற்காமலே இதைச் சிறிய அளவில் செய்துகொண்டிருக்கும்.

கரைசலில் கறுப்புத் துணிக்கை

றப்பர் மூடியின் துண்டு. தடித்த ஊசியைச் செங்குத்தாகக் குத்தியிருப்பார்கள். மெல்லிய ஊசியை, வாய் மேலே பார்க்கச் சற்றே சரித்து வைத்து, உள்ளே போகும்போது நிமிர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் குத்தாதீர்கள்.

பாக் வோட்டர் போத்தலே சந்தேகமாக இருக்கிறது

மெல்லிய வாசனை இயல்பு. வாதுமை வாசம் தூக்கலாக இருந்தால் பென்சைல் அற்ககோல் ஒட்சியேறிப் பென்சல்டிகைட்டாகியிருக்கிறது. அது அமினோக் கூட்டங்களோடு தாக்கம் புரியும், பெப்ரைட்டுக்குள் விடக் கூடாது. போத்தலில் சொல்லப்படும் அறை வெப்பநிலை 20 முதல் 25 பாகை. எங்கள் அறை வைகாசியில் அதைத் தாண்டி வெகுதூரம் போய்விடும். குளிரூட்டிய அறையின் அலுமாரியில் வையுங்கள், யன்னலோர மேசையில் வேண்டாம்.

வாங்கக் கிடைக்கவில்லை என்று வடித்த நீரில் பென்சைல் அற்ககோலைக் கண்மட்டத்தில் ஊற்றிச் செய்வதும் நடக்கிறது. 100 மில்லிலீற்றருக்கு 0.9 கிராம் நிறுத்து எடுக்க வேண்டும், எண்ணெய்த் துளிபோல அடியில் நிற்பது முழுதாகக் கரையும்வரை கலக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் நீரில் ஏற்கெனவே இருந்த கிருமியையும் அகநச்சையும் அது நீக்கித் தராது. கற்பித்தல் செய்முறைக்குப் போகட்டும், பெறுபேறு வெளியிடும் வேலைக்குப் போகாது.

முதல் ஊசி குத்திய திகதியைப் போத்தலில் எழுதுங்கள். அன்றிலிருந்து 28 நாள். மாதத்தை மட்டும் எழுதி வைத்திருக்கும் போத்தலும், திகதியே இல்லாத போத்தலும், உள்ளே எவ்வளவு மிச்சமிருந்தாலும், கழுவு தொட்டிக்கு.